பாட்டுக்கென்று ஒரு பெட்டி

கையிருப்பு தீரும்வரை மட்டுமே ஐபாட் டச் விற்கப்படும் என்று 2022 மே 10 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. 2001 அக்டோபரில், 5 ஜிபி கொள்ளளவும் 399 டாலர் விலையுமாக வெளிவந்த முதல் ஐபாடில் தொடங்கிய வரிசை அத்துடன் முடிவுக்கு வந்தது. ஐபாட் செய்துவந்த வேலையை இப்போது கைப்பேசி, கைக்கடிகாரம் என்று பலவும் செய்கின்றன, ஆகவே தனிக்கருவிக்குத் தேவையில்லை என்பதே நிறுவனம் தந்த விளக்கத்தின் சாரம். பெரும்பாலோர் அதை மறுக்கவில்லை. சட்டைப்பையில் ஏற்கெனவே ஒரு கைப்பேசி கனத்துக்கொண்டிருக்கையில், பாட்டுக் கேட்பதற்கென்றே இன்னொன்றைச் சுமப்பது எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது.

இக்கேள்வியை ஒட்டி எழும் விவாதங்களில் இரு தரப்புகளைக் காண்கிறோம். கைப்பேசியில் வரும் ஒலி தரக்குறைவானது, நல்ல ஒலி வேண்டுமெனில் தனிக்கருவிதான் வேண்டும் என்பது ஒரு தரப்பு. காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது, இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது மறுதரப்பு. முதல் தரப்பின் முடிவு சரி, அதற்கு அது சொல்லும் காரணம் பிழை என்பது நம் எண்ணம். பாட்டுக்கென்று ஒரு பெட்டி தேவைதான். ஆனால் அதன் தேவையை ஒலியின் நுட்பத்தில் தேடினால் கிடைக்காது. நாம் எவ்வளவு நேரம், எதை, யார் விருப்பப்படி கேட்கிறோம் என்பதில்தான் தேட வேண்டும்.

முதலில் ஒலித்தரத்தைப் பார்த்துவிடுவோம். குறுந்தகட்டில் ஒலி வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் நுட்பத்தில் அளந்து பதியப்படுகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதை முழுமையாக மீட்டெடுக்க அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேலான மாதிரிகள் போதும் என்பது தகவலியலின் அடிப்படைத் தேற்றம். நடுவயதைக் கடந்தவர்களின் காதுக்கு அந்த 20,000கூட எட்டுவதில்லை. ஆயினும் இன்றைய தனிக்கருவிகளின் விளம்பரங்களில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் முதலிய எண்களே முன்னால் நிற்கின்றன. 2007இல் மேயர், மொரான் என்னும் இருவர் அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்நுட்பப் பதிவை அப்படியே ஒருமுறையும், அதையே குறுந்தகட்டின் தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் ஒலிக்கச் செய்து, எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 முறை மட்டுமே சரியான விடை வந்தது. கேட்காமலே நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே வந்திருக்கும்.

நம் மரபிசையைப் பொறுத்தவரை இந்த எண்களுக்கு இன்னும் குறைவான பொருளே உண்டு. நாம் போற்றிக் கேட்கும் பழைய கச்சேரிகளில் பல, வானொலியில் ஒலிபரப்பானபோது யாரோ ஓர் ஆர்வலர் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தவை. நடுத்தர அலையில் வந்த ஒலியின் மேல் அதிர்வெண்கள் அந்த மாலையிலேயே உதிர்ந்துவிட்டன. பின்னர் நாடா தேய்ந்தது, ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கையில் இரைச்சல் சேர்ந்தது. இப்படி வந்து சேர்ந்த ஒன்றை எத்தனை விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் இழந்தது திரும்பாது. ஆனால் அந்த இரைச்சலின் ஊடாகவும் பாடகரின் மனோதர்மம் நம்மை வந்தடைந்துவிடுகிறது. எனவே ஒலித்தரத்தை முன்வைத்துத் தனிக்கருவிக்காக வாதாடுவது, வெல்ல முடியாத இடத்தில் போய் நின்று போரிடுவதாகும்.

இதை மெய்ப்பிக்க ஒரு வரலாறும் உண்டு. கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங், எம்பி3 வடிவம் இசையைச் சிதைத்துவிட்டது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தவர். அவர் 2014 மார்ச்சில் ‘போனோ’ என்ற கருவிக்காகப் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டினார். முக்கோணப் பட்டகம் போன்ற வடிவம், 399 டாலர் விலை, உயர்நுட்பப் பதிவுகளை விற்பதற்கென்றே தனிக்கடை. 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இத்தனை ஆதரவோடு தொடங்கிய முயற்சி மூன்றாண்டுகளில் ஓய்ந்துபோயிற்று. கடையை நடத்தத் துணைநின்ற நிறுவனம் 2016இல் கைமாறியதும் கடை மூடப்பட்டது. 2017இல் போனோ முடிந்துவிட்டதென்று நீல் யங்கே அறிவித்தார். ஏற்கெனவே தம்மிடம் இருந்த பாடல்களையே அதிக விலைக்கு மீண்டும் வாங்கிக் கேட்கும் அளவுக்கு வேறுபாட்டை மக்கள் உணரவில்லை என்பதே அதன் தோல்விக்கு முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

போனோ மறைந்த அதே 2017இல் இந்தியாவில் இன்னொரு பெட்டி விற்பனைக்கு வந்தது. பழைய எச்.எம்.வி.யின் வழிவந்த சரிகம நிறுவனம் வெளியிட்ட ‘கார்வான்’ அது. பழங்கால டிரான்சிஸ்டர் வானொலியின் தோற்றம், உள்ளேயே பதிந்து தரப்பட்ட 5,000 பாடல்கள், திருகிப் பாடகரையும் இசையமைப்பாளரையும் தேர்ந்தெடுக்க ஒரு குமிழ். இந்தியில் தொடங்கித் தமிழிலும் பிற மொழிகளிலும் வந்தது. அதன் ஒலியில் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைப்பவை. வாங்கியவர்களின் வீடுகளில் நல்ல கைப்பேசிகளும் இருந்தன. ஆயினும் அது விற்றது, இலட்சக்கணக்கில் விற்றது. பெற்றோருக்குப் பிள்ளைகள் வாங்கித்தரும் பரிசுப் பொருளாகப் பல வீடுகளில் இடம்பிடித்தது.

போனோவின் தோல்வியையும் கார்வானின் வெற்றியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. கைப்பேசியில் கேட்கையில் எதையோ இழக்கிறோம் என்று மக்கள் உணர்ந்திருக்கிறார்கள். அந்த இழப்பு பிட்டுகளில் இல்லை என்பதையும் அறிந்திருக்கிறார்கள். குமிழைத் திருகினால் பாட்டு வரும், பாட்டைத் தவிர வேறெதுவும் வராது என்ற உறுதிக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். முதியவர்களுக்குத் தொடுதிரை பழகவில்லை, அதனால்தான் இது விற்றது என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் ஒரு காரணமே. ஆனால் பேரப்பிள்ளைகளோடு நாள்தோறும் காணொளியில் பேசும் முதியவருக்குத் தொடுதிரை ஒரு தடையென்று நம்ப நமக்கு இயலவில்லை.

இனி, கேட்கும் நேரத்தின் அளவைப் பார்ப்போம். ஒவ்வொரு காலத்திலும் இசையைச் சுமந்த கருவியே இசையின் நீளத்தையும் தீர்மானித்து வந்திருக்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே அடங்கும். தோடியை மணிக்கணக்கில் வாசிப்பவர் என்று புகழ்பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), இசைத்தட்டுக்காக அந்தச் சில நிமிடச் சிமிழுக்குள் தோடியை அடக்கித் தர வேண்டியிருந்தது. கோயில் வீதியில் நின்று கேட்டவர்கள் பெற்ற தோடி ஒன்று, இசைத்தட்டில் கேட்டவர்கள் பெற்ற தோடி மற்றொன்று. நெடுந்தட்டு வந்தபோது பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் கிடைத்தது. சி-90 ஒலிநாடா பக்கத்துக்கு 45 நிமிடம் தந்தது. குறுந்தகடு 74 நிமிடம். முதல் ஐபாடின் 5 ஜிபியில், சாதாரண எம்பி3 தரத்தில், 80 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். 2014இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட கடைசி ஐபாட் கிளாசிக்கின் 160 ஜிபியில் இரண்டாயிரம் மணி நேரத்தையும் தாண்டும். ஒரு கச்சேரியை வர்ணம் முதல் மங்களம்வரை, எழுந்து பக்கம் மாற்றாமல், நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ கேட்கும் வசதி வரலாற்றில் முதன்முறையாக எளிய மனிதனுக்கு வாய்த்தது அப்போதுதான்.

கைப்பேசியும் இணையமும் சேர்ந்து அந்தக் கொள்ளளவை எல்லையற்றதாக்கின. அதே வேளையில் பொருளாதாரம் எதிர்த்திசையில் இழுக்கலாயிற்று. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் ஒரு பாடலை 30 வினாடி கேட்டுவிட்டாலே அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். நாற்பது நிமிட இராகம் தானம் பல்லவியை முழுதும் கேட்டாலும் ஒன்றுதான், மூன்று நிமிடத் திரைப்பாடலின் முதல் அரை நிமிடத்தைக் கேட்டாலும் ஒன்றுதான். நீண்டதைப் பாடுகிறவருக்கு அந்நீளத்துக்காக ஒரு காசும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. முப்பதாவது வினாடிக்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி பாடலின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. பல்லவிக்கு முன் இரண்டு நிமிடம் இசைக்கருவிகளை மட்டும் உலவவிடும் துணிவு இனி எத்தனை இசையமைப்பாளர்களுக்கு இருக்கும்? ஆலாபனையோ முதல் முப்பது வினாடியில் இராகத்தின் வாசலைத்தான் திறக்கும். உள்ளே போகக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் பழக்கம் கேட்பவனிடம் அற்றுப்போனால் இழப்பு கேட்பவனோடு நிற்காது. காத்திருப்போர் இல்லாத இடத்தில் நீண்டு பாடுவோரும் அருகிவிடுவர்.

காத்திருப்பதைக் கைப்பேசி கடினமாக்குகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அழைப்பு வந்தால் பாட்டு நின்றுபோகும். செய்தி வந்தால் பாட்டின் மேல் ஒரு மணியோசை விழும். அறிவிப்புகளை அடக்கிவைக்கலாமே என்பார்கள். அடக்கலாம்தான். ஆனால் எந்த ஒலியும் வராதபோதும், அடுத்த பாட்டுக்கு மாற்றவென்று கையிலெடுத்த திரையில் வேறு பத்துக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. பாட்டு ஒலித்துக்கொண்டேயிருக்க, கண் செய்தியிலும் விரல் படங்களிலும் இருக்கிறது. இசை அப்போது சூழலின் ஒரு பகுதியாக, குளிர்பதனப் பெட்டியின் முனகலைப்போல, பின்னணிக்குப் போய்விடுகிறது. இதை மனவுறுதியால் வென்றுவிடலாம் என்று சொல்கிறவர்கள், மனவுறுதி முழுவதையும் பாட்டைக் கேட்பதற்கு முன்பே செலவழிக்கச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் 1979 ஜூலை முதல் நாளன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் வாக்மேனை நினைவுகூர்வது பொருத்தம். அதில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, உள்ளிருக்கும் ஒலிவாங்கி வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு கேட்பது பக்கத்திலிருப்பவரை அவமதிப்பதாகிவிடுமோ என்று சோனி நிறுவனத்தின் அகியோ மொரிதா அஞ்சியதே அந்த ஏற்பாட்டுக்குக் காரணம். வாங்கியவர்கள் தனியாகவே கேட்டார்கள், பிந்தைய மாதிரிகளில் அந்தப் பொத்தான் இல்லாமற்போயிற்று. ஆயினும் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு நாகரிகம் உண்டு. பாட்டை இடைமறிக்கும் உரிமை அருகில் அமர்ந்திருக்கும் மனிதருக்கு இருந்தது. இடைமறிக்கும் விரலும் கேட்பவருடையதாகவே இருந்தது. இன்று அவ்வுரிமை நாம் முகமறியாத நூறு நிறுவனங்களிடம் இருக்கிறது.

அடுத்தது தேர்வைப் பற்றியது. தனிக்கருவியில் என்ன இருக்கிறதோ அது நாமே இட்டது. எதை இடுவது, இடம் போதாதபோது எதை நீக்குவது என்று தீர்மானிப்பதே ஒரு வகை இரசனைப் பயிற்சி. நூலடுக்கைப் பார்த்து ஒருவரை அறியலாம் என்பதுபோல அந்தப் பெட்டியைப் பார்த்தும் அறியலாம். ஓடைவழிச் சேவைகளில் தொகை முடிந்ததும் பாட்டு நிற்பதில்லை. அதைப் போன்றவை என்று கணினி கருதுபவை தாமே தொடர்கின்றன. மௌனம் வரவேண்டிய இடத்தில் இன்னொரு பாட்டு வந்துவிடுகிறது. ஒரு தொகையின் பாடல்களை அதை ஆக்கியவர் வகுத்த வரிசையில் ஒலிக்கச் செய்வதற்கே, 2021 நவம்பரில் அடேல் என்னும் பெரும்பாடகி கேட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்பாட்டிஃபை, தொகைகளின் முகப்பிலிருந்த கலைத்துப்போடும் பொத்தானை இடம் மாற்றியது. இரண்டு மாதம் கழித்து, 2022 ஜனவரியில், மேற்சொன்ன நீல் யங் அச்சேவையோடு முரண்பட்டுத் தம் பாடல்களை விலக்கிக்கொண்டார். 2024 மார்ச்சில்தான் திரும்பினார். அவருடைய காரணங்கள் அவருக்கு. மாதந்தோறும் சந்தா கட்டிவந்த கேட்பாளனுக்கோ, தன்னுடையது என்று நினைத்திருந்த பாடல்கள் இரண்டாண்டுகள் இல்லாமலாயின. அவனைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. பெட்டியிலிருக்கும் பாட்டுக்கு இந்த நிலை வராது. கார்வானுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அதன் 5,000 பாடல்களைத் தேர்ந்ததும் ஒரு நிறுவனமே, அதுவும் பெரும்பாலும் தன் உரிமையிலுள்ளவற்றிலிருந்து. ஆகையால் நாம் வேண்டுவது அதற்கும் அடுத்த படி.

எதிர்வாதங்களில் வலுவானவற்றை ஒதுக்கிச் செல்வது முறையன்று. முதலாவது, கைப்பேசி இசையைப் பொதுவாக்கியது. சபாவுக்குப் போக வசதியற்றவர்களுக்கும், போனாலும் அந்நியமாக உணர்ந்தவர்களுக்கும், அரிய பதிவுகளைப் பூட்டி வைத்திருந்த சேகரிப்பாளர்களை அறியாதவர்களுக்கும் இணையம் கதவைத் திறந்திருக்கிறது. யூடியூபில் ஆர்வலர்கள் ஏற்றிவைத்திருக்கும் பழங்கச்சேரிகள் இல்லாமல் இன்றைய இளம் இரசிகர் இல்லை. இதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அங்கே ஆலாபனையின் நடுவில் சோப்பு விளம்பரம் வருகிறது. சந்தா கட்டாதவர் திரையை அணைத்தால் பாட்டும் அணைந்துவிடுகிறது. கண்டடைவதற்கு அது மிக நல்ல இடம். அமர்ந்து கேட்பதற்கு அல்ல. நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வாங்கிவந்து வீட்டில் படிப்பதில்லையா? அப்படித்தான்.

இரண்டாவது, விலை. ஆஸ்டெல் அண்டு கெர்ன், ஃபியோ, சோனி போன்றவை இன்றும் தனிக்கருவிகளைச் செய்கின்றன. அவற்றில் சில இலட்ச ரூபாயைத் தாண்டுபவை. நடுத்தரக் குடும்பத்துக்கு அவை எட்டா. அதைவிட வேடிக்கை, அவற்றுள் பலவும் இன்று ஆண்ட்ராய்டில் இயங்கி, வைஃபையில் இணைந்து, செயலிகளை இறக்கிக்கொள்கின்றன. பேச மட்டும் முடியாத கைப்பேசிகள் அவை. எதிலிருந்து தப்ப வாங்குகிறோமோ அதுவே பொன்முலாம் பூசிக்கொண்டு திரும்பி வருகிறது. அவற்றை வாங்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது, மின்குப்பை. ஒரு கருவி செய்வதை இரண்டாகப் பிரித்தால் உலகில் குப்பையும் இரட்டிக்குமே என்பது நியாயமான கவலை. அதற்கான விடையே நம் பரிந்துரையாகவும் அமைகிறது. பெரும்பாலான வீடுகளில் திரையில் கீறல் விழுந்தோ, புதியது வந்ததாலோ கைவிடப்பட்ட பழைய கைப்பேசி ஒன்று இழுப்பறையில் கிடக்கிறது. ஹெட்போன் துளையும் நினைவட்டைக்கு இடமும் இருப்பது உத்தமம். சிம் அட்டையை எடுத்துவிடுங்கள். பாட்டை ஒலிக்கச் செய்யும் செயலி ஒன்றைத் தவிர மற்றவற்றை நீக்கிவிட்டு, வைஃபையின் கடவுச்சொல்லை மறக்கச் செய்யுங்கள். உங்களிடமுள்ள குறுந்தகடுகளிலிருந்து, நீங்கள் விலைகொடுத்து வாங்கிய பதிவுகளிலிருந்து, முப்பது கச்சேரிகளை அதில் ஏற்றுங்கள். திரைப்பாடல் பிடித்தவர்கள் முந்நூறு பாடல்களை ஏற்றலாம். முப்பதுக்கு மேல் போகாமலிருப்பதே நல்லது என்று சொல்வோம். ஒன்று புதிதாக வரவேண்டுமானால் ஒன்றை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எடுப்பதற்கு முன் இரண்டையும் இன்னொருமுறை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இது பழமை ஏக்கமன்றோ என்று கேட்கலாம். நாடா சிக்கிக்கொண்டதையும், பென்சிலைச் செருகிச் சுற்றியதையும், மின்கலம் தீரத்தீரப் பாடகரின் குரல் இறங்கியதையும் மீண்டும் வேண்டுவதற்கு நமக்கு ஆசையில்லை. கருவியின் மேல் நமக்குப் பற்றில்லை. ஐபாட் போனதற்காக நாம் வருந்தவுமில்லை. ஒரு மனிதன் தன் நாளில் ஒரு மணி நேரத்தை வேறெதற்கும் பங்கிடாமல் ஒரு கலைக்குக் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி. இவ்விதழ்களைப் படிக்கும் நமக்கு அக்கேள்வி இசையோடு மட்டும் தொடர்புடையதன்று. நானூறு பக்க நாவலை வாசிக்க எந்த மனம் வேண்டுமோ, அதே மனம்தான் நாற்பது நிமிடக் காம்போதிக்கும் வேண்டும். ஒன்றில் அதை இழப்பவர் மற்றொன்றில் நெடுநாள் காத்துக்கொள்ள இயலாது.

தை முடிந்து சபாக்கள் அடங்கிய பிறகு, அடுத்த மார்கழிவரை பெரும்பாலோருக்குக் கச்சேரி என்பது காதிலிருக்கும் கருவிதான். அந்தப் பத்து மாதங்களிலும் முழு ஆலாபனைகளைக் கேட்டுப் பழகிய காதுகள் அரங்கில் வந்து அமர்ந்தால், மேடையிலிருப்பவர் அதை உணர்வார், இன்னும் ஒரு சுற்றுப் பாடிப் பார்ப்பார். அரை நிமிடத்தில் தாவிப் பழகிய காதுகள் வந்து அமர்ந்தால் அதையும் உணர்வார், சுருக்கிக்கொள்வார். இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசிக்கு இன்றிரவே மின்னூட்டம் கொடுத்து வையுங்கள். அதில் எதை முதலில் ஏற்றுவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.